மின்வண்டியை வண்டியில் ஏற்றும் முறை

மும்பை–புணே விரைவுச்சாலையில் இருசக்கர வாகனங்கள் செல்ல அனுமதி இல்லை. சிவ்ரியையும் நவசேவாவையும் கடல்மீது இணைத்து 2024 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்ட 21.8 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சேதுவிலும் அதே தடை உண்டு. ஆகையால், வாஷியில் வசிக்கும் ஒரு குடும்பம் விடுமுறையன்று லோணாவளாவின் மலைப்பாதைகளில் மின்மிதிவண்டி ஓட்ட விரும்பினால், அந்த மிதிவண்டிகள் காரின் முதுகில் ஏறித்தான் பெரும்பாலும் மலைக்குச் செல்கின்றன. பணிமாற்றம் பெற்றுக் கோயம்புத்தூருக்கோ திருச்சிக்கோ குடிபெயரும் குடும்பமும் தன் மின் ஸ்கூட்டரை வீட்டுச் சாமான்களோடு டெம்போவில்தான் அனுப்புகிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தை அதன் பேட்டரியை நம்பிக் கடப்பார் அரிது.

ஓட்டுவதற்காக வாங்கிய வண்டி இவ்வாறு சில வேளைகளில் சரக்காகி விடுகிறது. அப்பொழுதுதான் அதன் எடை எவ்வளவு என்பது நமக்குப் புலப்படுகிறது. சாதாரண மிதிவண்டியைத் தோளில் சுமந்து மாடியேறிப் பழகியவர், அதே துணிவோடு மின்மிதிவண்டியைப் பற்றித் தூக்க முயன்று இடுப்பைப் பிடித்துக்கொள்வதும், ஸ்கூட்டர் பலகையின் நடுவில் நின்று பின்னோக்கி உருளத் தொடங்குவதும் இந்த ஓர் அறியாமையால் நேர்பவையே. ஏற்றும் முறையைச் சிறிது கணக்கோடு அறிந்து கொண்டால், இருவர் அல்லது மூவர் எவ்விதச் சிரமமுமின்றி இவ்வேலையைச் செய்துவிடலாம்.

எடையும் தொலைவும்

சாதாரண மிதிவண்டி 12 முதல் 16 கிலோ எடையுள்ளது. நம் நாட்டில் விற்கப்படும் மின்மிதிவண்டிகள் பெரும்பாலும் 20 முதல் 25 கிலோ வரை இருக்கும். தடித்த சக்கரங்கள் கொண்டவை 30 கிலோவையும் எட்டும். மின் ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவை 110 முதல் 135 கிலோ வரை எடையுள்ளவை.

ஓசூரிலும் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளியிலும் உருவாகும் ஸ்கூட்டர்கள் பலவற்றில் பேட்டரி, கால்வைக்கும் தளத்தின் அடியில் அமைந்திருக்கிறது. ஓட்டுபவருக்கு இது நன்மை: எடை தாழ்வாக இருப்பதால் வண்டி எளிதில் சாய்வதில்லை. தூக்குபவருக்கோ இது தொல்லை. எடை முழுவதும் முழங்காலுக்குக் கீழே இருக்கிறது. கை எட்டும் இடங்களிலெல்லாம் பிளாஸ்டிக் உறை. பிடித்துத் தூக்க உறுதியான இடமே கிடையாது. உறையைப் பற்றித் தூக்கினால் உறை பெயரும்; வண்டி பெயராது.

இனி உடலின் பக்கம் பார்ப்போம். வாஷியில் வாழ்வோருக்குச் சுமைதூக்கும் தொழிலாளரைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. வாஷி–துர்பே வேளாண் விளைபொருள் சந்தையில் வெங்காய மூட்டையையும் அரிசி மூட்டையையும் சுமப்பவர்களை மாத்தாடிகள் என்கிறோம். மராத்தியில் ‘மாத்தா’ என்பது தலையைக் குறிக்கும்; தலையில் சுமப்பவர் மாத்தாடி. அண்ணாசாகேப் பாட்டீல் போன்றோர் தலைமையில் அவர்கள் நடத்திய போராட்டங்களின் பயனாக 1969-இல் மகாராஷ்டிரத்தில் அவர்களுக்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. மூட்டையின் எடை 50 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது அவர்களுடைய நெடுநாள் கோரிக்கைகளுள் ஒன்று. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 1967-இல் வெளியிட்ட பரிந்துரையில், வயதுவந்த ஆண் தொழிலாளி ஒருவர் கையாளும் சுமைக்கு 55 கிலோ என்று மேல்வரம்பு கூறியது. நாள்தோறும் சுமந்து பழகியவர்களுக்கே இந்த வரம்பு என்றால், வாரம் முழுவதும் நாற்காலியில் அமர்ந்து பணிபுரிவோர் 120 கிலோ வண்டியை ‘இருவர் சேர்ந்து ஒரு கை கொடுத்தால் போதும்’ என்று கருதுவது எவ்வளவு பிழையென்று விளங்கும்.

அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனம் 1991-இல் திருத்தி அமைத்த சுமைதூக்கும் வாய்பாடு இங்கே மிகவும் பயனுள்ளது. எல்லாச் சூழ்நிலையும் சாதகமாக இருக்கும்போது ஒருவர் தூக்கத்தக்க எடையாக அது 23 கிலோவைக் கொள்கிறது. ‘சாதகம்’ என்பதன் முதற்பொருள், சுமை உடலை ஒட்டி, கணுக்கால்களிலிருந்து 25 சென்டிமீட்டருக்குள் இருத்தல் வேண்டும் என்பதே. அத்தொலைவு 50 சென்டிமீட்டராகும்போது பரிந்துரைக்கப்படும் எடை சரிபாதியாக, அதாவது 11.5 கிலோவாகக் குறைந்துவிடுகிறது. மிதிவண்டியின் கைப்பிடியும் மிதிகட்டையும் துருத்திக்கொண்டிருப்பதால், அதைத் தூக்குபவர் இயல்பாகவே கைகளை நீட்டித் தூக்குகிறார். 25 கிலோ மின்மிதிவண்டி இடுப்பைப் பிடிப்பதன் காரணம் இதுதான். எடையைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம், ‘எவ்வளவு தொலைவில்?’ என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும். இதே கேள்வி, சற்றுப் பின்னர் காரின் அச்சைப் பற்றிப் பேசும்போதும் மீண்டும் வரும்.

ஸ்கூட்டரை டெம்போவில் ஏற்றுதல்

தமிழ்நாட்டில் குட்டி யானை என்றும் மும்பையில் சோட்டா ஹாத்தி என்றும் செல்லமாக அழைக்கப்படும் சிறு சரக்கு வண்டியின் தளம் தரையிலிருந்து ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். 120 கிலோ ஸ்கூட்டரை நேராகத் தூக்கினால் 120 கிலோவையும் தூக்கியாக வேண்டும். 210 சென்டிமீட்டர் நீளமுள்ள சாய்வுப் பலகையில் உருட்டினாலோ, சாய்வு மூன்றுக்கு ஒன்று. தள்ள வேண்டிய விசை 40 கிலோ எடைக்குச் சமம். பலகையின் நீளம் 280 சென்டிமீட்டரானால் அது 30 கிலோவாகக் குறைகிறது. சக்கரங்களின் உராய்வுக்காக இன்னும் சில கிலோவைக் கூட்டிக்கொள்ளலாம்.

பலகை நீளமாகக் கிடைக்காவிட்டால் உயரத்தைக் குறைக்க வழி தேடலாம். குடியிருப்பு வளாகங்களில் நடைமேடைகள் 15 சென்டிமீட்டர் உயரம் இருப்பதுண்டு. டெம்போவைச் சாலையில் நிறுத்தி, பலகையின் கீழ்நுனியை நடைமேடைமீது ஊன்றினால், ஏற வேண்டிய உயரம் 55 சென்டிமீட்டராகிறது. 210 சென்டிமீட்டர் பலகையிலேயே தள்ளும் விசை 40 கிலோவிலிருந்து 31 கிலோவாக இறங்குகிறது. காசு செலவில்லாத இந்த உபாயத்தை அனுபவமுள்ள வீடு மாற்றும் தொழிலாளர்கள் கேட்காமலே செய்வார்கள். அவர்கள் டெம்போவை எங்கே நிறுத்துகிறார்கள் என்பதைக் கவனித்தாலே அவர்களின் தேர்ச்சி தெரிந்துவிடும்.

பலகையின் மேல்நுனியைக் கட்டாமல் விடுவதே மிகப் பெரிய ஆபத்து. முன்சக்கரம் ஏறிப் பின்சக்கரமும் பலகையைத் தொடும் தறுவாயில், தள்ளும் விசை பலகையைப் பின்னோக்கி உதைக்கிறது. மேல்நுனி தளத்திலிருந்து நழுவினால் ஸ்கூட்டர் முழுவதும் ஒரே நொடியில் கீழே வரும். தள்ளுபவரின் கால் அங்கேதான் இருக்கும். எனவே மேல்நுனியை டெம்போவின் கொக்கிகளோடு இருபுறமும் கயிற்றால் பிணைத்த பின்னரே வண்டியைப் பலகையருகே கொண்டுவர வேண்டும். டெம்போவின் கைத்தடை போடப்பட்டிருக்கிறதா, அதன் பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்க்க வேண்டும்.

பெட்ரோல் வண்டியில் பழகியவர் மறந்துவிடும் ஒன்று உண்டு. கியர் உள்ள மோட்டார் சைக்கிளை எஞ்சினை நிறுத்தி முதல் கியரில் விட்டால், அது உருளாமல் நிற்கும். மின் ஸ்கூட்டரில் அத்தகைய கியர் இல்லை. மின்னிணைப்பை அணைத்தால் சக்கரம் தடையின்றிச் சுழலும். பலகையின் நடுவில் அதைப் பிடித்து நிறுத்துவது பிரேக் ஒன்றே. அதிலும் எந்தப் பிரேக் என்பது முக்கியம். முகம் மேல்நோக்கி ஏறும் வண்டியின் எடை பின்சக்கரத்தின் மேல் சாய்ந்திருப்பதால், முன்சக்கரப் பிரேக்கைப் பிடித்தால் அச்சக்கரம் பிடிப்பின்றிச் சறுக்கக்கூடும். இடக்கைப் பிரேக்கையே நம்ப வேண்டும்.

மூவர் சேர்ந்தால் வேலை எளிதாகிறது. ஒருவர் டெம்போவின் தளத்தில் நின்று கைப்பிடியை நேராகப் பற்றி, இடக்கைப் பிரேக்கின் மேல் விரல்களை வைத்திருக்கிறார். இரண்டாமவர் பின்புறத்துக் கம்பியில் கை வைத்துத் தள்ளுகிறார். ஆனால் வண்டிக்கு நேர் பின்னால் நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில் நிற்கிறார். மூன்றாமவர், முன்போர்க்கின் கீழ்ப்பகுதியில் கட்டிய கயிற்றை டெம்போவின் முன்புறக் கம்பியில் ஒரு சுற்றுச் சுற்றி, வண்டி ஏற ஏறத் தொய்வை இழுத்துக்கொள்கிறார். கம்பியில் சுற்றிய அந்த ஒரு சுற்றின் உராய்வு, தள்ளுபவரின் கை சோர்ந்தாலும் வண்டி உருண்டோடாமல் காக்கும். இருவரே இருந்தால் கயிற்றைக் கைவிடுவதைவிட, மூன்றாமவருக்காக அரைமணி நேரம் காத்திருப்பது மேல்.

மோட்டாரின் விசையால் ஏற்றலாமே என்று சிலர் கேட்பதுண்டு. மின்மிதிவண்டிகள் சிலவற்றில், கூடவே நடந்து தள்ளும்போது மெல்ல உதவும் வசதி இருக்கிறது. அது இத்தகைய ஏற்றத்துக்கு உகந்தது. ஸ்கூட்டரின் திருகு அப்படியன்று. பதற்றத்தில் கை சிறிது கூடுதலாகத் திரும்பினால், வண்டி டெம்போவின் முன்சுவரில் போய் மோதும். அதனால் மின்னிணைப்பை அணைத்துவிட்டு உருட்டுவதே நன்று.

பலகையின் உச்சியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. முன்சக்கரம் தளத்தில் ஏறி, பின்சக்கரம் இன்னும் பலகையில் இருக்கும்போது, ஸ்கூட்டரின் அடிவயிறு தளத்தின் விளிம்பில் உரசக்கூடும். அந்த அடிவயிற்றில்தான் பேட்டரியின் கூடு இருக்கிறது. சாய்வு செங்குத்தாக இருந்தால் உரசல் உறுதி. நீளமான பலகை விரும்பப்படுவதற்கு இது மற்றொரு காரணம். கூட்டில் அடி பட்டால் வண்டியை ஓட்டிப் பார்க்காமல், உரிய பணிமனையில் காட்டிய பின்னரே மின்னேற்ற வேண்டும்.

ஏற்றிய பின் கட்டுவது தனிக்கலை. திடீரென்று பிரேக் பிடிக்கும்போது, சரக்கு தன் எடையில் பத்தில் எட்டுப் பங்கு விசையோடு முன்னே பாயும் என்று கொண்டே ஐரோப்பியச் சரக்குக் கட்டும் நெறிகள் கணக்கிடுகின்றன. 120 கிலோ ஸ்கூட்டருக்கு அது 96 கிலோ. துணி காயப்போடும் கயிறு இதைத் தாங்காது. இறுக்கும் பொறியுடைய ராட்செட் பெல்ட்டுகள் நான்கு வேண்டும்: முன்புறம் இரண்டு, பின்புறம் இரண்டு, நான்கும் நான்கு மூலைகளுக்கு விரிந்து செல்ல வேண்டும். முன்சக்கரம் டெம்போவின் முன்சுவரில் ஒரு பழைய டயரையோ மெத்தையையோ முட்டி நிற்கட்டும். முன்புறத் தொங்கலமைப்பு பாதியளவு அமுங்கும்வரை இறுக்கினால் போதும். முற்றிலும் அமுக்கினால் அதன் எண்ணெய்ச்சீல் கெடும். கண்ணாடியிலோ பிளாஸ்டிக் உறையிலோ பெல்ட்டை மாட்டக் கூடாது. பக்கத்தாங்கியில் சாய்த்து நிறுத்திக் கட்டுவதும் தவறு. குழியில் வண்டி துள்ளும்போது தாங்கி மடங்கிக் கட்டு தளரும். இடக்கைப் பிரேக்கை ஒரு பட்டையால் இழுத்துக் கட்டிவிடலாம். புதிதாக இறுக்கிய பெல்ட் முதல் சில கிலோமீட்டரிலேயே சிறிது தளர்வது இயல்பு. வாஷியிலிருந்து புறப்பட்டால் பன்வேலைக் கடந்ததும் ஒருமுறை நிறுத்தி இறுக்கச் சொல்லுங்கள்.

வண்டியைப் பிடித்துக்கொள்ள வீட்டுப் பிள்ளை ஒருவரைச் சரக்குத் தளத்தில் அமர்த்தும் வழக்கம் இன்னும் மறையவில்லை. 96 கிலோ பாய்ச்சலை எந்தக் கையும் தாங்காது. அந்த இடத்தில் மனிதர் யாரும் இருக்கலாகாது.

மிதிவண்டி காரின் பின்னால்

மகாராஷ்டிரமும் கேரளமும் 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கெனக் கொள்கை வகுத்த பின், படுக்கையும் அடுப்பும் கொண்ட நடமாடும் வீடுகள் நம் சாலைகளிலும் ஆங்காங்கே தென்படுகின்றன. ஐரோப்பாவில் இத்தகைய கேரவன்களின் பின்சுவரில் மிதிவண்டித் தாங்கி பொருத்துவது சர்வசாதாரணம். இங்கே அதன் சிறிய வடிவம் காரின் பின்கதவில் பட்டைகளால் பிணைக்கப்படும் தாங்கி. இரண்டுக்கும் ஒரே விதிதான்.

தாங்கி வாங்கும்போது, ‘எத்தனை மிதிவண்டி?’ என்பதைவிட, ‘மொத்தம் எத்தனை கிலோ, ஒவ்வொரு தடத்துக்கும் எத்தனை கிலோ?’ என்று கேட்பதே சரி. கேரவன் தாங்கிகள் பலவற்றின் மொத்த எல்லை 50 முதல் 60 கிலோ. சாதாரண மிதிவண்டிகளில் நான்கைத் தாங்கும் ஒன்று, மின்மிதிவண்டிகளில் இரண்டையே தாங்கும். மூன்றுக்கான தடங்கள் இருக்கின்றன என்பதற்காக மூன்றாவதை ஏற்றினால், தாங்கியின் பற்றவைப்பு விரிசல் காண்பது நெடுஞ்சாலையில்தான் தெரியவரும். அதுவும் பின்னால் வருபவருக்குத்தான் முதலில் தெரியும். பின்கதவில் பட்டையால் மாட்டும் தாங்கிகளோ, மின்மிதிவண்டிக்குப் பெரும்பாலும் பொருந்துவதில்லை.

மேலே சொன்ன தொலைவுக் கணக்கு இங்கே திரும்ப வருகிறது. ஒரு கேரவனின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 3.6 மீட்டர் தூரம் என்றும், தாங்கியிலுள்ள 60 கிலோ சுமை பின் அச்சுக்கு 1.8 மீட்டர் பின்னால் தொங்குகிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஏற்றப்பலகை விளையாட்டைப் போலவே, பின்னால் அமுங்கும் எடை முன்னால் உயர்த்துகிறது. பின் அச்சின் மேல் கூடும் சுமை 60 அன்று, 90 கிலோ. முன் அச்சிலிருந்து 30 கிலோ குறைகிறது. திசைதிருப்பும் சக்கரங்கள் முன்னேதான் இருக்கின்றன என்பதால், மழைநாளில் கண்டாலா மலைப்பாதையின் வளைவில் இந்தக் குறைவு உணரப்படும். தண்ணீர்த் தொட்டி, சமையல் எரிவாயு, சாமான் எல்லாம் ஏற்கெனவே பின்புறத்தில் இருந்தால், அவற்றுள் இயன்றவற்றை முன்னே நகர்த்திவிட வேண்டும்.

இரண்டு மிதிவண்டிகளில் எடை கூடியது வண்டியை ஒட்டியும், இலேசானது வெளிப்புறத்திலும் இருக்கட்டும். ஏற்றுவதற்கு முன் பேட்டரியைக் கழற்றிக் காருக்குள் வைத்துவிட்டால் 2 முதல் 4 கிலோ குறையும். விரைவில் வீசும் மழைநீர் பேட்டரியின் முனைகளில் புகாது. கூடை, பூட்டு, தண்ணீர்ப் புட்டி ஆகியவற்றையும் எடுத்துவிடலாம். முழு மிதிவண்டியையும் ஒரே மூச்சில் தூக்காமல், முன்சக்கரத்தை முதலில் தடத்தில் வைத்துவிட்டுப் பின்சக்கரத்தை உயர்த்தினால், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ பாதி எடையையே தூக்குகிறோம். பின்சக்கரத்தின் குடத்தில் மோட்டார் உள்ள வகையில் பின்பாதி கனமானது. அதற்கு இருவர் கை கொடுக்க வேண்டும். உயரம் குறைந்த தாங்கியும், அதனோடு வரும் சிறு சாய்வுத் தடமும் விலை கூடுதல்தான். ஆயினும் ஐம்பது வயதைக் கடந்தவர்கள் அந்த விலையைத் தயங்காமல் கொடுக்கலாம்.

மழைக்கென்று தார்ப்பாய் போர்த்துவது நல்லெண்ணத்தில் செய்யும் தீங்கு. விரைவில் அது பாய்மரம்போல் காற்றைப் பிடித்து, தாங்கியை இழுக்கும். பின்விளக்குகளும் பதிவெண் பலகையும் மறையாமல் இருப்பது சட்டப்படி கட்டாயம்.

பேட்டரி தனிப்பயணி

நெடும்பயணத்தில் பேட்டரியை நிறைய மின்னேற்றி அனுப்பத் தேவையில்லை. பாதியளவு போதும், வெயில் படாத இடம் வேண்டும். கழற்றிய பேட்டரியின் முனைகளை மின்கடத்தா நாடாவால் மூடி, உலோகச் சாமான்களோடு கலவாமல் தனியே வைக்க வேண்டும். வீடு மாற்றுவோர், ‘பேட்டரியை மட்டும் விமானத்தில் கையோடு எடுத்துச் செல்கிறோம்’ என்று திட்டமிடுவது பயனற்றது. பயணிகள் கொண்டுசெல்லத்தக்க லித்தியம் பேட்டரியின் எல்லை, விமான நிறுவனத்தின் ஒப்புதலோடும் 160 வாட்-மணி. 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி கொண்ட சிறிய மின்மிதிவண்டிப் பேட்டரியே 360 வாட்-மணி.

ஆவணங்கள்

டெம்போ புறப்படுமுன் காப்பீட்டுப் பத்திரத்தை ஒருமுறை படியுங்கள். சொந்தச் சேதத்தையும் உள்ளடக்கிய முழுமையான மோட்டார் காப்பீடு, சாலை, இரயில் முதலியவற்றின் வழியே வண்டி எடுத்துச் செல்லப்படும்போது நேரும் சேதத்தையும் பொதுவாக ஏற்கிறது. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருப்பவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அவர் சரக்குப் பயணக் காப்பீட்டைத் தனியே எடுக்க வேண்டும். மோட்டார் திறன் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும், பேட்டரி நீங்கலான எடை 60 கிலோவுக்கும் உட்பட்ட மின்மிதிவண்டி சட்டத்தின் பார்வையில் மோட்டார் வாகனமே அன்று. ஆகையால் அதற்கு மோட்டார் காப்பீடு இருக்காது. அதைச் சாமான்களின் பட்டியலில் விலையோடு குறிப்பிட்டுக் காப்பீடு செய்வதே வழி.

ஸ்கூட்டர் வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் இருக்கப்போகிறதென்றால், அங்கே புதிய பதிவெண் பெற வேண்டும். அதற்கு முன் இங்குள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தடையின்மைச் சான்று பெறுவது அவசியம். வாஷி வண்டிகளுக்கு அது எம்.எச். 43 வரிசைக்குரிய அலுவலகம். வண்டி வங்கிக் கடனில் வாங்கப்பட்டு, அடமானக் குறிப்பு பதிவுச் சான்றில் இருந்தால், கடன் கொடுத்த வங்கியின் இசைவுக் கடிதம் இல்லாமல் அந்தச் சான்று கிடைக்காது. கடன் கணக்குள்ள கிளையில் வீடு மாறும் தேதிக்குச் சில வாரங்களுக்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். புதிய முகவரியையும் அப்போதே பதிந்துகொள்ளலாம்.

ஏற்றும் நாளன்று, உறையிடுவதற்கு முன் வண்டியின் நான்கு பக்கங்களையும், ஓடிய தூரம் தெரியும் திரையையும், அடிப்புறத்தையும் கைப்பேசியில் படமெடுத்து, ஏற்கெனவே உள்ள கீறல்களைச் சரக்கு ஒப்புகைச் சீட்டில் எழுதச் செய்து கையொப்பம் வாங்குங்கள். இறக்கும் ஊரில், உறையைப் பிரித்துப் பார்த்து, அந்தப் படங்களோடு ஒப்பிட்ட பிறகே பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தை இடவேண்டும். இறக்கும்போதும் அதே நீளமான பலகை, அதே கயிறு, அதே மூவர் வேண்டும். வண்டியின் முகம் டெம்போவை நோக்கியே இருக்கப் பின்சக்கரம் முதலில் இறங்கட்டும்.